பித்தளைக் கழுத்தில் படியும் கரி

புளியந்தோப்பில் பவுடர் மில் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் சொல்லும் ஓர் அடையாளம் அது. அந்தப் பவுடர் வெடிமருந்து. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் பக்கம் இயங்கிய மருந்து ஆலையின் நினைவாக நிற்கிற பெயர். வெடியுப்பு, கந்தகம், மரக்கரி மூன்றையும் சேர்த்து அரைத்த கருமருந்துதான் அந்தக் காலத்துப் படைகளுக்கு ஒரே மருந்து. பாட்னா வட்டாரத்து வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வருடந்தோறும் லண்டனுக்குச் சுமந்து போயின.

கருமருந்து எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெரும்பாலும் புகை. வெடிமருந்து ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஆபெலும் மூடிய உருக்குப் பாத்திரத்துக்குள் அதை எரித்து, 1875இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்குச் சொன்னார்கள். எரிந்த மருந்தின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் வாயுவாகவே மாறவில்லை. பொட்டாசியம் உப்புகளாக, கசடாக மிஞ்சிவிட்டது. பாதிக்கும் குறைவானதுதான் குண்டைத் தள்ளியது. மீதி புகையாய்ப் பறந்தது, குழலுக்குள் அப்பிக்கொண்டது. அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். கடற்காற்று வீசும் சென்னையில் சுட்ட துப்பாக்கியை அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும்.

இந்தக் கசடுக்கு நம் வரலாற்றிலும் இடம் உண்டு. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியில் குண்டைக் குழலின் வாய்வழியாகத்தான் இறக்க வேண்டும். சில முறை சுட்டதும் கரி படிந்து குழல் குறுகிவிடும், குண்டு இறங்காது. அதற்காகவே காகிதத் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள். 1857இல் சிப்பாய்களிடையே மூண்ட கோபத்தில் அந்தக் கொழுப்பின் பங்கை எல்லாரும் படித்திருக்கிறோம். கொழுப்பு எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. எரிந்த மருந்தின் கசடை இளக்கத்தான்.

பிறகு வந்தது புகையில்லா மருந்து. 1884இல் பிரான்சில் பால் வியேல் செய்து காட்டினார். சில ஆண்டுகளில் ஆபெலும் ஜேம்ஸ் டியூவரும் சேர்ந்து கார்டைட் என்ற இழை வடிவ மருந்தைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயப் படையின் .303 தோட்டாகூட 1888இல் கருமருந்தோடுதான் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில்தான் கார்டைட்டுக்கு மாறியது. அந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய இடம் தேடிய ஆங்கில அரசு நீலகிரியைத் தேர்ந்தது. குன்னூருக்கு மேலே மலை ரயில் பாதையில் இருக்கும் அரவங்காடு தொழிற்சாலை 1900களின் தொடக்கத்தில் எழுந்தது. காட்டேரி அருவியின் நீரிலிருந்து எடுத்த மின்சாரம் அதை இயக்கியது. 2021 அக்டோபரில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் போனது. ஒரு நூற்றாண்டு தாண்டியும் அங்கே மருந்து செய்கிறார்கள்.

புகையில்லா மருந்து ஒழுங்காக எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். அப்படியானால் சுட்டு வெளியே விழும் பித்தளைக் கூட்டின் கழுத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது என்ன? பள்ளியில், கல்லூரியில் என்சிசி முகாமுக்குப் போய் .22 துப்பாக்கியால் சுட்டவர்கள், காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைத்தபோது விரலில் ஒட்டிய கரியைப் பார்த்திருப்பார்கள். அதைத் துடைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்பேன். அந்தக் கரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில், துப்பாக்கிக்குள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்தது எழுதியிருக்கிறது. வேறெந்த வழியிலும் சுலபமாகப் பார்க்க முடியாத ஒன்று அது.

முதலில் பெரிய தோட்டாவின் அமைப்பு. செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் கலந்த பித்தளையில் இழுத்துச் செய்த கூடு. அடியில் தடித்திருக்கும். மேலே போகப் போக மெலிந்து, தோள் போல் சரிந்து, குறுகிய கழுத்தில் முடியும். கழுத்து குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். அடியின் நடுவில் ஒரு சிறு குழியில் பிரைமர். ஊசி போய் பிரைமரைத் தட்டுகிறது, அதன் தீ உள்ளே பாய்கிறது, மருந்து பற்றுகிறது. அழுத்தம் ஏறுகிறது. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு காற்று அடைக்கிறோம்; .303 தோட்டாவுக்கு அமெரிக்கத் தரக்கட்டுப்பாடு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 49,000 பவுண்டு, .308க்கு 62,000.

இந்த அழுத்தம் கூட்டின் சுவரை வெளியே தள்ளி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு ஒட்டவைக்கிறது. ஒட்டியதும் வாயு பின்னால் வர வழி இல்லை, குண்டுக்குப் பின்னால் குழல்வழியாகத்தான் போக வேண்டும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றே சுருங்கி சேம்பரை விட்டு விலகும், சேம்பரை மூடியிருக்கும் போல்ட்டை இழுத்தால் கூடு வழுக்கிக்கொண்டு வரும். இரும்பைவிட விலை கூடிய பித்தளையைப் பரவலாகப் பயன்படுத்துவது இந்த இரண்டு குணத்துக்காக: அழுத்தினால் விரியும், விட்டால் மீளும்.

வீட்டு குக்கரை நினைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். அடுப்பில் வைத்த முதல் சில நிமிடம் மூடியின் ஓரத்தில் ஆவி கசியும். உள்ளே அழுத்தம் ஏறியதும் ரப்பர் வளையம் விரிந்து பிடித்துக்கொள்ளும், கசிவு நிற்கும். தீ போதாவிட்டாலோ ரப்பர் பழசாகி இறுகிப்போயிருந்தாலோ ஆவி கசிந்துகொண்டே இருக்கும், விசில் வராது. தோட்டாவின் கழுத்தில் படியும் கரிக்கும் முக்கியமான காரணங்கள் இந்த இரண்டும்தான். அழுத்தம் போதவில்லை, அல்லது கழுத்து இறுகிவிட்டது.

கழுத்தில் மட்டும் கொஞ்சம் கரி இருந்தால் கவலை இல்லை. குண்டை விடுவதற்காகக் கழுத்து திறக்கும் அந்தக் கணத்தில் கொஞ்சம் வாயு வெளிப்பக்கமாகத் திரும்பத்தான் செய்யும். கடையில் வாங்கிய புதுத் தோட்டாவிலும் இது உண்டு. கரி தோளைத் தாண்டி உடல்வரை இறங்கியிருந்தால்தான் ஆராய வேண்டும். கூட்டின் பெரும்பகுதி சேம்பரோடு ஒட்டவே இல்லை, அல்லது ஒட்டத் தாமதித்தது என்பது அதன் பொருள். .22 போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களில் இது இயல்பு. பெரிய தோட்டாக்களில் இயல்பு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுட்ட கூட்டில் புதுப் பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கும் கைவேலை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பின்லாந்து போன்ற நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. அங்கே குடியேறி வேட்டை உரிமமோ கிளப் உறுப்பினர் அட்டையோ வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது அறிமுகமாகலாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வீட்டு மாடியில் செய்து பார்க்கும் வேலை இது இல்லை. ஆனால் சுட்ட கூட்டைப் படிக்கும் அறிவு, துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் இருப்பவருக்கும் தடயவியல் படிக்கும் மாணவருக்கும் எந்த ஊரிலும் பயன்படும்.

கைவேலைக்காரர்கள் பெரும்பாலும் எப்படி இந்தச் சிக்கலில் மாட்டுகிறார்கள்? சுடுபவரின் தோளில் உதைப்பு குறையட்டும் என்று மருந்தைக் குறைத்துப் போடுவார்கள். புகையில்லா மருந்து எரியும் வேகம் அதைச் சூழ்ந்திருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது; அழுத்தம் கூடினால் வேகமாக எரியும், குறைந்தால் சோம்பும். மெதுவாக எரியும்படி செய்த மருந்தைக் குறைந்த அளவில், எடை குறைந்த குண்டோடு போட்டால், அழுத்தம் ஏறுவதற்குள் குண்டு கிளம்பிவிடும். மருந்து முழுதாக எரியாது. போல்ட்டைத் திறந்தால் சேம்பரிலும் குழலிலும் மஞ்சளும் பழுப்புமாக வேகாத துகள்கள் கிடக்கும். கழுத்து குண்டை இறுகப் பிடிக்காவிட்டாலும் இதே கதைதான். பிடிமானம் இல்லாத குண்டு மருந்து பற்றியதுமே நழுவிவிடும்.

குறைந்த அழுத்தத்துக்கு வேறு சாட்சிகளும் உண்டு. பிரைமர் தன் குழியிலிருந்து மயிரிழை அளவு பின்னால் தள்ளி நிற்கும். சரியான அழுத்தத்தில் கூட்டின் அடி பின்னால் வந்து பிரைமரை மறுபடி உள்ளே அமுக்கிவிடும். இங்கே அந்த அளவு தள்ளுவிசை இல்லை. இன்னொன்று கூட்டின் தோளில் விழும் பள்ளம். பின்னால் நழுவிய வாயு கூட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் சிக்கி, உள்ளே அழுத்தம் இறங்கியதும் வெளியிலிருந்து கூட்டை அமுக்கிவிடுகிறது. பார்ப்பவர்கள் சேம்பரில் ஏதோ இடித்துவிட்டது என்று நினைப்பார்கள். சுட்ட கூட்டின் அளவைத் திருத்தும் அச்சில் எண்ணெய் அதிகமானாலும் தோளில் பள்ளம் விழும், ஆனால் அது சுடுவதற்கு முன்பே இருக்கும். ஆகவே சுடுவதற்கு முன் ஒரு முறை பார்த்து வைப்பது அவசியம்.

அழுத்தம் குறைவு என்று தெரிந்தவுடன் மருந்தைக் கூட்டிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். எனக்கு இந்தக் கலையில் அச்சம் தருவது இந்த இடம்தான். மருந்து செய்பவரே சோதித்து வெளியிட்ட அட்டவணையில் கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருக்கும். அதற்குள் மட்டுமே, சிறு படிகளாக மட்டுமே ஏற வேண்டும். கீழ்வரம்புக்கும் கீழே போட்டவர் முதலில் செய்ய வேண்டியது வரம்புக்குள் திரும்புவது. மென்மையான உதைப்புதான் வேண்டும் என்றால் அதற்கென்று அட்டவணையில் உள்ள வேகமான மருந்தைத் தேர்ந்து, அதற்குரிய கணக்கைப் புதிதாகப் பின்பற்ற வேண்டும். ஒரு மருந்தின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்ப்பவர் கண்ணையும் விரலையும் பணயம் வைக்கிறார்.

இரண்டாவது காரணம் பித்தளையின் இறுக்கம். குடமும் அண்டாவும் அடிக்கும் கன்னார்களுக்கு இது கைவந்த அறிவு. பித்தளைத் தகட்டை அடிக்க அடிக்க அது விறைத்துப்போகும். அதற்கு மேல் அடித்தால் வெடிக்கும். ஆகவே நடுவில் நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி அடிப்பார்கள். தோட்டாக் கூடும் ஒவ்வொரு முறை சுடும்போது விரிகிறது, அச்சில் வைத்து அமுக்கும்போது சுருங்குகிறது. சில முறை இப்படி ஆனதும் கழுத்து விறைத்துவிடும். முன்பு விரிந்து ஒட்டிய அழுத்தத்தில் இப்போது விரியாது. மருந்து மாறவில்லை, குண்டு மாறவில்லை, ஆனாலும் ஐந்தாறு முறை பயன்பட்ட கூட்டில் மட்டும் கரி கூடுகிறது என்றால் குற்றவாளி கழுத்து. நெருப்பில் இளக்குவதுதான் மருந்து. கழுத்தையும் தோளையும் மட்டும் இளக்க வேண்டும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அடி விறைப்பாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். அது இளகிவிட்டால் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சாயல் தெரிவது தொழிற்சாலையில் கடைசியாகக் காட்டிய சூட்டின் தடம்.

கழுத்தை இளக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இந்தியாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது. உலோகவியல் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிற கதை. ஆங்கிலேயப் படை தோட்டாப் பெட்டிகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், ஒருவரும் தொடாத தோட்டாக்களின் கழுத்தில் நீளவாக்கில் வெடிப்பு. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அமோனியா, மழைக்கால ஈரம், இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம், இந்த மூன்றும் கூடியதன் விளைவு அது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் இதை விளக்கினார்கள். மிதமான சூட்டில் அந்த இறுக்கத்தை இளக்கிவிட்டால் வெடிப்பு வருவதில்லை என்றும் காட்டினார்கள். சுமை ஏறிய உலோகம் ரசாயனச் சூழலில் எப்படி உடைகிறது என்பது இன்று குழாய்கள், பாய்லர்கள், விமான உறுப்புகள்வரை விரிந்த பெரிய துறை. அதன் தொடக்கக் காட்சிகளில் ஒன்று இந்தியக் குதிரை லாயம்.

மருந்திலும் கழுத்திலும் குறை இல்லை என்றால் சேம்பரைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரின் சேற்றிலும் தோட்டா சிக்காமல் இறங்க வேண்டும் என்று லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளின் சேம்பரைத் தாராளமாகக் குடைந்தார்கள். அந்தத் தாராளம் சிப்பாய்க்கு நல்லது, பித்தளைக்குக் கெட்டது. கூடு கூடுதலாக விரிந்தால்தான் சுவரைத் தொடும், அதற்குள் வாயு நழுவிவிடும். எது காரணம் என்று பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. அதே துப்பாக்கியில் கடைத் தோட்டா ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது. அதுவும் கரியோடு வந்தால் சேம்பர்மேல் சந்தேகம். சுத்தமாக வந்தால் கைவேலையில் குறை. பிறகு அதே மருந்து அளவைப் புதுக் கூட்டில் போட்டுப் பார்ப்பது. கரி போய்விட்டால் பழைய கூட்டின் கழுத்து. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிரைமர், குண்டு, மருந்து மூன்றையும் சேர்த்து மாற்றி வெற்றி கண்டவர் எதனால் வென்றார் என்று அவருக்கே தெரியாது.

கரி ஒரு பக்கம் மட்டும் நாக்குப் போல் நீண்டிருந்தால் கழுத்துச் சுவரின் தடிமன் சீராக இல்லை, அல்லது கூடு சேம்பரின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாயிலிருந்து கீழே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இறங்கினால் அது கரியா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தும் போகாவிட்டால் அது வெடிப்பு, கூடு முடிந்தது.

உண்மையான அபாயம் கழுத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. அடிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு வளையமோ, அதைச் சுற்றிக் கரியோ தெரிந்தால், அந்த இடத்தில் சுவர் இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை கூடு இரண்டாகப் பிரியலாம். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால், மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். பிரைமரைச் சுற்றிக் கரி வளையம் இருந்தாலும் அதே எச்சரிக்கை. பிரைமர் குழி தளர்ந்துவிட்டது, வாயு பின்னால் வருகிறது. கழுத்துக் கரி அழுத்தம் குறைவு என்று சொல்லும். பிரைமர் கரி பல நேரம் அழுத்தம் மிஞ்சியதைச் சொல்லும். இரண்டும் ஒரே கறுப்புதான், செய்தி நேரெதிர். பிரைமர் கரியைப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டுவதைப்போல் ஆபத்தான தவறு இந்த வேலையில் வேறு இல்லை.

எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு கழுவலாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் நம் வீடுகளுக்குத் தெரிந்த வேதியியலே இங்கும். புளியின் அமிலம் பித்தளையின் மங்கலை நீக்குகிறது. தோட்டாக்காரர்கள் அதே வேலைக்குச் சிட்ரிக் அமிலம் கலந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள். கரி அமிலத்தில் கரையாது. அதை உரசித்தான் எடுக்க வேண்டும், அதற்காக வால்நட் ஓட்டுத் தூளிலோ சிறு எஃகு ஊசிகளோடு நீரிலோ போட்டு உருட்டுகிறார்கள். அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கழன்று பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். அமோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது. காரணத்தைக் குதிரை லாயம் சொல்லிவிட்டது.

இன்னொரு விஷச் சங்கதி. பெரும்பாலான பிரைமர்களில் ஈயமும் பேரியமும் ஆன்டிமனியும் கலந்திருக்கும். சுட்டவர் கையில் தடயவியல் ஆய்வகங்கள் தேடும் மூன்று தனிமங்கள் இவைதான். கூடுகளை உருட்டும்போது பறக்கும் தூசியில் அந்த ஈயம் இருக்கிறது. வாசலில், காற்றோட்டத்தில் செய்ய வேண்டும்; குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது; கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் வேறொரு தொல்லை. பொட்டாசியம் குளோரேட் எரிந்து சமையல் உப்பின் உறவுக்கார உப்பு ஒன்றைக் குழலில் விட்டுச் செல்லும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அது போகாது, தண்ணீரில்தான் கரையும். ராயபுரம், எண்ணூர் காற்றில் அந்த உப்பை ஓரிரவு விட்டுவைத்தாலே குழலின் உட்புறம் செம்பட்டையாகிவிடும்.

வெடித்த கூடு, அடி மெலிந்த கூடு, பிரைமர் குழி தளர்ந்த கூடு இவற்றை மற்ற கூடுகளோடு டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. குறட்டால் வாயை நசுக்கிவிட்டு, பிறகு பழைய பித்தளையோடு சேர்க்க வேண்டும். நசுக்காத கூட்டை இன்னொருவர் எடுத்து நல்லது என்று நினைத்து மருந்து அடைத்துவிடக்கூடும்.